முன்னால் போய்ப் பார்த்தவர்

ஜெபசெல்வி டீச்சர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவளிடம் படிக்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

வேடிக்கைக்குச் சொல்கிற பேச்சில்லை இது. பிரேயரில் நிற்கச் சொன்னால் முழங்காலைத் தடவுகிறார்கள். தவளையின் இதயத்தை வரையச் சொன்னால், ஆயுசிலேயே முதல் தடவையாக அதை வரையப் போகிறவன், "எத்தன தடவதான் டீச்சர் இதையே வரையது?" என்று பெருமூச்சு விடுகிறான். மதிய மணி அடித்தால் முன்பெல்லாம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம் கேட்கும். இப்போது வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, உப்பு கூடிப்போச்சா என்று ஒருவரை ஒருவர் விசாரித்தபடி மெதுவாக மெல்லுகிறார்கள். ரயில்வேயில் 'இருந்துவிட்டு' வந்த ஒரு பையன், "எனக்கு பென்ஷன் எப்ப டீச்சர் வரும்?" என்று போன மாதம் நிஜமாகவே கேட்டான். கேட்டுவிட்டு அவனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லாம் அந்த நாற்காலி பண்ணின வேலை.

மேலே இருந்து வந்த பெயர் 'முன்னோட்டம்'. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அது நாற்காலிதான். பழைய தட்டச்சு அறையைக் காலி பண்ணி, ஜன்னலை அடைத்து, ஏசி மாட்டி, நடுவில் அதை இறக்கி வைத்துச் சில வருஷம் ஆகிறது. பல் டாக்டரிடம் இருக்குமே, அந்த மாதிரி சாய்ந்த நாற்காலி. தலைமாட்டில் ஒரு வளையம். பிளஸ் டூ பிள்ளை அதில் உட்கார்ந்து, கைப்பிடியில் இருக்கும் திரையில் ஒரு படிப்பைத் தொட்டால் போதும். அதைப் படித்து, அந்த வேலைக்குப் போய், தலை நரைத்து வீட்டுக்கு வருகிற வரைக்கும் உள்ள வாழ்க்கையின் சாரத்தை அரை மணி நேரத்தில் வாழ்ந்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். தெரியாத படிப்பில் போய் விழுந்து பிள்ளைகள் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணத்தில் வருகிற சாமான்களைக் கண்டாலே ஜெபசெல்விக்கு இப்போதெல்லாம் பயம்.

பள்ளிக்கூடத்தின் 'உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்' அவள்தான். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று ஒத்துக்கொண்டாள். வேலை என்னவோ கதவைத் திறப்பது, மூடுவது, வெளியே வருகிற பிள்ளைக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பது.

அன்றைக்குக் கடைசி நாள். ஐந்து மணியோடு கல்லூரிப் பட்டியல் மூடிவிடும். நாற்காலியில் ஒரு முறையாவது உட்கார்ந்து எழுந்த பிள்ளைக்குத்தான் அந்தப் பட்டியலே திறக்கும். திறந்த பிறகு பிள்ளையின் விரல் ஒன்று, பெற்றவரின் விரல் ஒன்று, இரண்டும் ஒரே படிப்பின் மேல் பதிய வேண்டும். அப்போதுதான் விண்ணப்பம் போகும். தவறினால் ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டியதுதான். எல்லாப் பிள்ளைகளும் முடித்தாயிற்று, ஒருத்தியைத் தவிர. மத்தியான வெயில் சாய்கிற நேரத்தில் அந்த ஒருத்தி தன் அப்பாவோடு வந்து நின்றாள்.

கோமதி. மார்க் வாங்குவதில் குறைச்சல் இல்லாத பிள்ளை, வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல். அப்பா செந்தூர்பாண்டி கரண்டு ஆபீசில் லைன்மேன். தாயில்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்தவர்.

"டீச்சர், இவட்ட நீங்களாவது சொல்லுங்க. நாற்காலில உக்கார மாட்டேங்கா."

"ஏன் கோமதி?"

"எனக்குத் தெரிய வேண்டாம் டீச்சர்."

"என்ன தெரிய வேண்டாம்?"

"எதுவுமே."

"கேட்டியளா?" என்றார் செந்தூர்பாண்டி. "இதத்தான் ஒரு மாசமா சொல்லுதா. டாக்டருக்குப் பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. உக்காந்து பாத்துட்டு விரல வைக்க வேண்டியதுதானே? இவ என்னடான்னா மழையப் பத்திப் படிக்கப் போறேங்கா. மழையப் பத்திப் படிக்க என்ன டீச்சர் இருக்கு? பேஞ்சா நனையணும், பேயலன்னா காயணும்."

"அது வானிலைப்பா."

"பேரு என்னவா வேணா இருக்கட்டும். டாக்டருக்குத்தான் என் விரலு."

ஜெபசெல்வி நாற்காலி அறையின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. "சும்மா ஏதாவது ஒண்ணத் தொட்டுட்டு, கண்ண மூடிப் படுத்துட்டு வந்துரேன் கோமதி. பட்டியலு தெறந்துரும். அப்புறம் அப்பாவும் நீயும் பேசி முடிச்சுக்கலாம்."

"சும்மான்னு ஒண்ணு அதுல இருக்கா டீச்சர்? பிரித்திகா சும்மாதான் உக்காந்தா. பேங்க் வேலை. அன்னைலேர்ந்து த்ரோபால் வெளையாட வரவே இல்ல. கூப்பிட்டா, 'வயசாச்சுடி, விடு'ங்கா. இன்னும் பதினேழு முடியல அவளுக்கு."

ஜெபசெல்வி சாவியை மறு கைக்கு மாற்றினாள். அவள் வீட்டில் ஜெரோம் இருக்கிறான்.

ஜெரோம் அவள் மகன், இருபத்து மூன்று வயது. ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவைதான் நாற்காலி என்ற விதியை ஓரமாகத் தள்ளிவிட்டு, வழிகாட்டி ஆசிரியரின் மகனுக்கு இந்த உரிமைகூட இல்லையா என்று, விடுமுறையில் அவளே கூட்டி வந்து உட்கார வைத்தாள். இன்ஜினியர் பிடிக்கவில்லையா, வக்கீல் பார். வக்கீல் வேண்டாமா, ஆடிட்டர் பார். சும்மா கிடைக்கிறதுதானே என்று ஒன்பது படிப்பு. ஒன்றையும் அவன் அரைகுறையாக விடவில்லை. ஒன்பதையும் ஒழுங்காக வாழ்ந்து முடித்துவிட்டு எழுந்து வந்தான். இப்போது காலையில் பேப்பர் படிக்கிறான், செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறான், சாயங்காலம் குளத்தங்கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்து சீக்கிரமே படுத்துவிடுகிறான். வேலைக்குப் போயேன்டா என்றால் கோபப்படுவதுகூட இல்லை. "என்ன செஞ்சேன்னு கேட்டா ஞாபகம் இல்லம்மா. ஆனா செஞ்சு முடிச்சிட்டேன்" என்பான்.

"உள்ள பாத்தது பூராவும் மறந்துரும்ங்காவளே, நெசமா டீச்சர்?" என்று செந்தூர்பாண்டி கேட்டார்.

"கனவு மாதிரிதான் அண்ணாச்சி. எழுந்து கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் முகம் போயிரும், பேரு போயிரும். பிடிச்சுதா பிடிக்கலையாங்கிற ருசி மட்டும் நாக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒரு படிப்ப எடுக்க அது போதும்னுதான் இப்படி வச்சிருக்காவ."

"அசதியும் நிக்கும்" என்றாள் கோமதி.

செந்தூர்பாண்டி கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பம் நான் உக்காருதேன்" என்றார்.

ஜெபசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு ஆள் சொல்லியிருந்தால் கிறுக்கு என்று நினைத்திருப்பாள். இந்த மனுஷனை அவளுக்குத் தெரியும். கோமதி பிளஸ் ஒன் சேருவதற்கு முந்தின நாள், யாரிடமும் சொல்லாமல் வந்து வகுப்பு பெஞ்சில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர் அவர். குழாயில் தண்ணீர் குடித்துப் பார்த்தார். பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கப் போய் வாட்ச்மேன் கையால் அடி வாங்கப் பார்த்தார். கேட்டதற்கு, "எங்க வீட்ல அப்படித்தான் டீச்சர். பொண்ணு குடுக்கதா இருந்தாலும் எடுக்கதா இருந்தாலும், சொல்லாம கொள்ளாம ஒரு ஆளு முன்னாடி போயி அந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வரும். குடுக்க தண்ணிலயே பாதி தெரிஞ்சிரும்லா?" என்றார். மகளுக்கு அம்மா இல்லாத குறையை அவர் இப்படி முன்னால் போய்ப் போய்த்தான் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அது அப்படி இல்ல அண்ணாச்சி" என்று ஜெபசெல்வி பொறுமையாகச் சொன்னாள். "இது பிள்ளையோட கணக்குல ஓடுது. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து அவ எழுதுனது, பேசுனது, சண்ட போட்டது, அழுதது எல்லாத்தையும் உள்ள வாங்கி வச்சிருக்கு. அவ விரல வச்சுட்டு நீங்க உக்காந்தா உங்க வாழ்க்க ஓடாது, அவ வாழ்க்கதான் ஓடும். நீங்க அவளாவே இருப்பிய."

"அதத்தானே நான் பாக்கணும்ங்கேன்?"

"பெரியவங்கள யாரையும் இதுவரைக்கும் உக்கார வச்சதில்ல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"கம்பத்துல தொங்குதவன் டீச்சர் நான். நாற்காலில உக்காந்தா செத்துருவேன்?"

விதி என்று பார்த்தால் ஒத்துக்கொள்ளவே கூடாது. ஆனால் விதியை அவள் ஏற்கெனவே பல தடவை மீறியிருக்கிறாள், பெற்ற பிள்ளையைக் கிழவனாக்குவதற்கு. ஒரு பிள்ளையைக் கிழவியாக்காமல் அனுப்புவதற்கு ஒரு தடவை மீறினால் என்ன குடி முழுகிவிடும்? அவள் கோமதியைப் பார்த்தாள்.

கோமதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பாத்துட்டு வந்து எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது" என்றாள் அப்பாவிடம்.

"சொல்லல."

"கன்னியாகுமரி மாதிரி சொல்லக் கூடாது."

"சொல்லலட்டி. கோமதி அம்மன் சத்தியமா சொல்லல."

திரையில் அவள் விரலை வைத்துத் தன் கணக்கைத் திறந்துவிட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி உள்ளே போய் சாய்ந்தார். முன்னோட்டம் ஓடும்போது அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஜெபசெல்வி வளையத்தை இறக்கிவிட்டு, படிப்பை அவரே தொட்டுக்கொள்ளட்டும் என்று வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மைதானம் காலியாகக் கிடந்தது. விளையாட்டு பீரியடுதான், ஆனால் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கன்னியாகுமரில என்ன நடந்துச்சு?" என்று ஜெபசெல்வி கேட்டாள்.

"எட்டாங்கிளாஸ்ல டூர் போனோம்லா டீச்சர். எங்கப்பா மொத நாளே பஸ் ஏறிப் போயிட்டாரு. கம்பி ஸ்ட்ராங்கா இருக்கா, வழுக்குமான்னு எல்லாம் பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொன்னாரு. 'சூரியன் கடல்லேர்ந்து வருதுன்னு நெனச்சு ஏமாந்துராத, மேகத்துக்குள்ளேருந்துதான் வருது, சின்னதா இருக்கு'ன்னாரு. மறுநாள் எல்லாப் பிள்ளையளும் ஹேன்னு கத்துதாவ. நான் மட்டும், ஆமா, சின்னதாத்தான் இருக்குன்னு பாத்துட்டு நிக்கேன்." அவள் சிரித்தாள். சிரிப்பில் சிரிப்பே இல்லை. "எங்கப்பா பாக்காத ஒண்ண நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல டீச்சர்."

"ஆனாலும் வேடிக்கைதான். நாளைக்கு மழை வருமா வராதான்னு முன்னாடியே சொல்லப் போற படிப்பு. அதுக்குப் போறவளுக்குத் தன்னோடது மட்டும் தெரிய வேண்டாமாம்."

"நம்ம பாக்கோம்னு மழை மாத்திக்கிடாது டீச்சர்" என்றாள் கோமதி. "நான் மாத்திக்கிடுவேன்."

ஜெபசெல்வி மைதானத்தைப் பார்த்தாள். ஜெரோமுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது இந்தப் பிள்ளை எங்கே போயிருந்தது என்று நினைத்தாள். பிறகு, எங்கே போயிருக்கும், அப்போது அது ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அசதியில் மூளை இப்படித்தான் வேலை செய்தது.

கதவின் மேல் இருந்த பச்சை விளக்கு எரிந்தது.

செந்தூர்பாண்டி எழுந்து உட்கார்ந்திருந்தார். காலைக் கீழே போடவில்லை. இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மீசையைத் தொட்டார். இது எப்படி இங்கே வந்தது என்கிற மாதிரி திகைத்தார். வலது கை தோளுக்குப் போய், அங்கே இல்லாத துப்பட்டாவைச் சரி பண்ணிவிட்டு இறங்கியது. கோமதி வாசலில் நின்று, "எப்பா?" என்று கூப்பிட்டாள். அவர் அவளையே பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்றால், அவள் பயந்துபோய் ஜெபசெல்வியின் கையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குப் பார்த்தார்.

"எம்மா" என்றார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "எதுத்த கடைல ஒரு டீ வாங்கிட்டு வாயேன். சீனி கம்மியா."

அவருக்குச் சீனி தூக்கலாக இருக்க வேண்டும் என்பது கோமதிக்குத் தெரியும். சீனி கம்மியாகக் குடிக்கிறவள் அவள்தான். ஒரு நொடி நின்றாள். பிறகு போனாள்.

அவள் படி இறங்கின சத்தம் கேட்டதும் செந்தூர்பாண்டி ஜெபசெல்வியின் பக்கம் திரும்பினார். "சீக்கிரம் சொல்லிப்புடுதேன் டீச்சர். போயிட்டே இருக்கு. பிடிக்க முடியல. யாருட்டயாவது சொல்லி வைக்கணும், அவட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

"மெதுவாச் சொல்லுங்க. டாக்டர் வாழ்க்க எப்படி இருந்துச்சு?"

"டாக்டரா? நான் அதத் தொடலியே."

"பின்ன?"

"மழையத்தான் தொட்டேன். டாக்டருன்னா எப்படி இருப்பாவன்னு எனக்குத் தெரியாதா, ஆஸ்பத்திரில பாக்கோம்லா. இவ கேக்கது என்னன்னுதான் எனக்குத் தெரியல. தெரியாத எடத்துக்குத்தானே டீச்சர் முன்னாடி போய்ப் பாக்கணும்?"

ஜெபசெல்வி நாற்காலியின் காலடியில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா." அவர் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப நல்லா இருந்தா டீச்சர். கடலுக்கு நடுவுல ஏதோ ஒரு தீவு. பலூன் பறக்க விடுதா. மேகத்தப் பாத்துட்டு சோறு தண்ணி இல்லாம நிக்கா. ஒருக்க புயல் இந்தப் பக்கந்தான் திரும்பும்னு இவ ஒருத்தி மட்டும் சொல்லுதா, எல்லாவனும் இல்லங்கான். இவ விடல. ஒரு ஊரையே காலி பண்ண வச்சுட்டா. மறுநாள் அங்க ஒரு வீடு நிக்கல, ஒரு உசுரு போகல. அன்னைக்கு எனக்கு, அவளுக்கு, நெஞ்சு அப்படி நெறஞ்சு போச்சு. புயலுக்கு அப்புறம் நான் ஊருக்கே கரண்டு குடுத்திருக்கேன் டீச்சர், கை தட்டிருக்காவ. அப்பகூட எனக்கு அப்படி இருந்ததில்ல."

"அப்புறம் எதுக்கு அழுதிய?"

"அதுல நானும் இருந்தேன்லா. போன்ல இருந்தேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெனம் சாயங்காலம் கூப்பிடுதேன். சாப்பிட்டியா, கதவப் பூட்டுனியா, புது வீடு பாக்காத, நான் வந்து பாத்துட்டுச் சொல்லுதேன். அந்தப் பையன் யாரு, நான் போயி விசாரிச்சிட்டுச் சொல்லுதேன். நான் பேசுதத நானே கேக்கேன் டீச்சர், அவ காதால. எம்மாடி, என்னா பேச்சு! விடவே மாட்டேங்கேன். மூச்சு முட்டுது. கடைசில, அங்க மழையாம்மான்னு கேப்பேன். ஆமாப்பா, மழைதாம்ப்பான்னு சொல்லுவா. நான் உடனே, சரி நனையாத, உள்ள போன்னு வச்சிருவேன்."

"சரி."

"அங்க வெயிலு அடிக்கும் டீச்சர்! சுள்ளுன்னு வெயிலு. பேச்ச முடிக்கதுக்கு ஒரு மழை. தெனமும் மழை. வருசக்கணக்கா மழை. ஊரு ஒலகத்துக்கெல்லாம் மழையப் பத்தி உள்ளது உள்ளபடி சொல்லுத பிள்ள, பொய் சொன்னது எங்கிட்ட மட்டுந்தான்."

ஏசி ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. ஜெபசெல்விக்கு ஜெரோமின் ஞாபகம் வந்தது. அவள் எது சொன்னாலும் அவன் "சரிம்மா" என்பான். தோசை சூடா இருக்கா என்றாலும் சரிம்மா, இப்படியே இருந்துருவியாடா என்றாலும் சரிம்மா. அதுவும் ஒரு மழைதான் போலிருக்கிறது.

"அப்புறம் நான் செத்தேன்" என்றார் செந்தூர்பாண்டி. "வந்தா. ரெண்டு பிளேன் மாறி வந்தா. எல்லாம் அவதான் செஞ்சா, ஒரு கொற வைக்கல. அன்னைக்கு எல்லாரும் போன பொறகு படுத்தா பாருங்க, அப்படி ஒரு தூக்கம். இனிமே போன் அடிக்காதுல்லா? எனக்கே நிம்மதியா இருந்துச்சு டீச்சர். என் சாவுக்கு நானே நிம்மதியாத் தூங்குனேன்."

ஜெபசெல்வி ஸ்டூலோடு அவர் பக்கம் நகர்ந்தாள். "அண்ணாச்சி, அது ஒரு கணக்குதான். இப்படியேதான் நடக்கும்னு இல்ல. எது நடக்க வாய்ப்பு அதிகமோ அதக் காட்டும், அவ்வளவுதான்."

"அதான் டீச்சர் பயமே. வாய்ப்பு அதிகம்லா."

"டாக்டருக்குப் படிச்சா இங்கனயே பக்கத்துல இருப்பாளோ என்னவோ."

"இருப்பா. பக்கத்துல இருந்துக்கிட்டே மழைன்னு சொல்லுவா." அவர் காலைக் கீழே வைத்து எழுந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். வந்ததைவிடப் பத்து வயது கூடின மாதிரி இருந்தது. "என் விரல் மழைக்குத்தான். அது போகட்டும். ஆனா இப்ப உங்ககிட்டச் சொன்னதெல்லாம் எனக்கு மறந்துரும்லா? மறந்துட்டா நான் பழையபடி ஆயிருவேன் டீச்சர். அவளுக்கு முன்னாடி போயி நின்னுக்கிடுவேன். போனேன்னா என்னக் கூப்பிட்டு நிறுத்துங்க."

"நான் எங்க அண்ணாச்சி எப்பவும் உங்க பின்னாடியே வர முடியும்?"

"இன்னைக்கு ஒரு தடவ நிறுத்துங்க. ஏன்னு கேட்டா, நாந்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க."

கோமதி டீயோடு வந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னட்டி, சீனியே இல்ல?" என்று முகத்தைச் சுளித்தார். ஜெபசெல்வி அதைக் கவனித்தாள். போய்க்கொண்டிருந்தது.

கோமதியின் கணக்கில் பட்டியல் திறந்திருந்தது. செந்தூர்பாண்டி நேராகத் திரையிடம் போனார். மருத்துவத்தைத் தாண்டி, பொறியியலைத் தாண்டி, கீழே கீழே தள்ளி, எங்கேயோ அடியில் கிடந்த வானிலைப் படிப்பின் மேல் கட்டை விரலை அழுத்தினார். கோமதி வாயைத் திறந்தபடி நின்றாள்.

"எப்பா? இது டாக்டர் இல்லப்பா."

"எனக்குப் படிக்கத் தெரியும்ட்டி. விரல வை, மூடிரப் போறான்."

"ஏம்ப்பா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே தேடினார். "தெரியல. நல்லா இருந்துச்சு" என்றார். "எப்படின்னு கேக்காத. ஆனா நல்லா இருந்துச்சு."

கோமதி விரலை வைத்தாள். பச்சை நிறத்தில் ஏற்கப்பட்டது என்று வந்தது. சந்தோஷப்பட வேண்டிய பிள்ளை, சந்தேகத்தோடு ஜெபசெல்வியின் பக்கம் சாய்ந்து, "உள்ள என்ன பாத்தாராம் டீச்சர்? உங்ககிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாரே?" என்று கிசுகிசுத்தாள்.

"நீதானே தெரிய வேண்டாம்ன?"

கேட்டுவிடலாமா என்று அந்த முகத்தில் ஒரு ஆசை வந்து நின்றது. பதினேழு வயது ஆசை. ஜெபசெல்வி அது போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"ஆமா. வேண்டாம்" என்றாள் கோமதி.

அவர்கள் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். ஜெபசெல்வி விளக்குகளை அணைத்து, கதவை இழுத்துப் பூட்டைத் தொங்கவிட்டாள். இன்றைக்கு ஒரு பிள்ளை நாற்காலியில் உட்காராமல் போகிறது, அதுவே பெரிய காரியம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்று இருந்தது. அப்போதுதான் மைதானத்தில் அந்தக் குரல் கேட்டது.

"நீ நெழல்லயே மெதுவா வா. நான் முன்னாடி போயி பஸ் நிக்குதான்னு பாக்கேன்."

செந்தூர்பாண்டி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தார். எப்போதும் போல. பின்னால் கோமதி புத்தகப் பையோடு, எப்போதும் போல, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

விட்டுவிடலாம் என்றுதான் ஜெபசெல்விக்குத் தோன்றியது. ஒரு பஸ்ஸைப் பார்க்கப் போகிற மனுஷனை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? ஒரு தடவை நிறுத்தினால் ஆயுசுக்கும் நின்றுவிடுவாரா? கத்துவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. ஆனாலும் வராந்தாவின் நுனிக்கு வந்து, பிரேயரில் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி!"

அவர் நின்று திரும்பினார். நிழலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் திரும்பின.

"அவ முன்னாடி போகட்டும்!"

"ஏன் டீச்சர்?"

"நீங்கதான் சொல்லச் சொன்னிய!"

"நானா?" என்றார் அவர். முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கேள்விதான் இருந்தது. எல்லாம் போய்விட்டது. உலகத்தில் அதை அறிந்த ஒரே ஆள் இப்போது ஜெபசெல்விதான். அவர் தலையைச் சொறிந்தார், பஸ் நிற்கிற திசையைப் பார்த்தார், இருப்புக் கொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்தார். ஆனால் போகவில்லை. நின்றார்.

கோமதி அவரை நெருங்கினாள், தயங்கினாள். பிறகு அவரைத் தாண்டி நடந்து, வாசலைக் கடந்து, ரோட்டுக்கு முதல் ஆளாகப் போனாள். அங்கே போனதும் அவளுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது. வெயிலில் சும்மா நின்றாள்.

"ஏட்டி" என்று பின்னாலிருந்து செந்தூர்பாண்டி கேட்டார். "மழை வருமா?"

ஜெபசெல்வி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஆமாப்பா என்று சொல்லிவிடாதே பிள்ளை. வானம் வெளிறிக் கிடந்தது. மேற்கே மலைப் பக்கம் மட்டும் கொஞ்சம் அழுக்கு நிறத்தில் ஏதோ இருந்தது, மேகமோ புழுதியோ. ஆமாப்பா, வரும்ப்பா என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும். சுலபம்.

கோமதி நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெரியலப்பா" என்றாள். "நீங்களும் இங்க வந்து பாருங்க."

செந்தூர்பாண்டி வாசலைத் தாண்டிப் போய், மகளுக்குப் பக்கத்தில் நின்று, துண்டை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.